ரெண்டாவது கொக்கி

— முதல்ல போனை ஸ்பீக்கர்ல போடு. உனக்கு ரெண்டு கையும் வேணும்.

— போட்டாச்சு.

— எங்க வச்சிருக்க?

— குளியலறை ஜன்னல் திட்டுல. சொல்லுங்க.

— சொட்டு எங்கேர்ந்து விழுது? குழாய் வாயிலேர்ந்தா, கைப்பிடிக்கு அடியிலேர்ந்தா?

— வாயிலேர்ந்து.

— நல்லா இறுக்கி மூடினதுக்கு அப்புறமுமா?

— அப்புறமும்தான்.

— இருக்காதே...

— என்ன இருக்காதே? முன்னாடி நின்னு பாக்குறவ சொல்றேன்.

— இல்ல... அந்தக் குழாய்க்கு வாஷர் போற வயசில்ல. அதான்.

— எங்க வீட்டுக் குழாயோட வயசு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஒரு குத்துமதிப்புதான். தொழில்ல இருக்கிறவனுக்குத் தோணும். சரி, அந்தக் குளியலறைக்கு மட்டும் தண்ணியை நிறுத்துற வால்வு ஒண்ணு இருக்கும். அதை மூடு.

— எங்க இருக்கும்?

— கதவை ஒட்டின சுவர்ல. முக்காலி எல்லாம் தேடாத, உனக்கு எட்டும்.

— எனக்கு எட்டுற உயரத்துல எந்த வீட்டுல என்ன வச்சிருக்காங்க?

— பொதுவாச் சொன்னேன்.

— பொதுவா... ம். இருக்கு. எட்டுது.

— வலது பக்கம் திருப்பு. முரட்டுத்தனமா திருகாத.

— நான் எதை முரட்டுத்தனமா திருகியிருக்கேன்?

— என் காதை.

— அது ஒரு தடவை.

— ஒரு தடவைதான். நல்லாத்தான் இருந்துச்சு.

— ...வால்வு மூடியாச்சு. அடுத்தது?

— ஒரு நிமிஷம். வேலைக்குக் கை வைக்கிறதுக்கு முன்னாடி, வாசக் கதவு?

— பூட்டியிருக்கு.

— சாவி பூட்டுலயே இருக்கா? தனியா இருக்கிறவ உள்பக்கம் பூட்டிட்டு சாவியை அங்க இங்க வைக்கக் கூடாது. ஒரு புகை, ஒரு தீன்னா அப்போ போய் சாவி தேடுவியா?

— கொக்கியில தொங்குது. கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தாலும் எடுத்துடுவேன்.

— எந்தக் கொக்கி?

— வாசக் கதவு பக்கத்துல. நான் வர்றப்பவே அடிச்சிருந்துச்சு. ரெண்டு.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. குழாய்க்குப் போவோம். வால்வை மூடியும் சொட்டுதா?

— சொட்டுதே.

— எப்படிம்மா சொட்டும்?

— குழாய்க்குள்ள மீதித் தண்ணி இருக்கும்ல. நீங்கதானே சொல்லுவீங்க.

— அதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல வடிஞ்சிடும். போனைக் குழாய்கிட்ட பிடி, கேக்குறேன்.

— இப்பவா?

— இப்பதான்.

— இருங்க... இருங்க... ம், கேளுங்க.

— ...

— கேக்குதா?

— வேகமா மூணு விழுது. அப்புறம் ஆளையே காணோம். அப்புறம் ஒண்ணு. சொட்டுற குழாய் இப்படியா சொட்டும்? ஒரே தாளத்துல இல்ல விழணும்?

— அது இஷ்டத்துக்கு விழுது. நான் என்ன பண்றது?

— இரு, இப்போ சீரா கேக்குது... டக்... டக்...

— அது என் பக்கம் இல்ல. உங்க பக்கம்.

— ஓ.

— என்ன சத்தம் அது?

— சமையலறைக் குழாய்.

— நான் ரெண்டு வருஷம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேனே, அதே குழாயா?

— அதேதான்.

— ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம வாஷர் மாத்துறீங்க. அதை மாத்த பத்து நிமிஷம் ஆகுமா?

— அஞ்சு நிமிஷம்.

— அப்புறம் என்ன?

— அதை நிறுத்திட்டா இந்த வீட்டுல வேற சத்தமே இல்ல... இருக்கியா?

— இருக்கேன்.

— சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கிறப்போ அந்தச் சத்தம் கேக்கும். நீ உள்ள பாத்திரம் கழுவுறன்னு ஒரு நொடி நினைச்சுக்குவேன். ஒரு நொடிதான். அதுக்காக விட்டு வச்சிருக்கேன்.

— நான் இருக்கிறப்போ அது வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் பாத்துக்கணும்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— ஒரு ஆணி அடிக்கக் கூட விடல. சொந்த வீடு வரட்டும்னீங்க.

— ஆமா.

— ஹீட்டர் குழாயைத் தொட்டா சுர்ருங்குதுன்னு மூணு வாரம் சொன்னேன்.

— நாளைக்குப் பாக்குறேன்னு சொன்னேன். இருபத்தோரு நாளும் நாளைக்குன்னுதான் சொன்னேன். எனக்கு மறக்கல.

— கை எப்படி இருக்குன்னு நீங்க கேட்டதே இல்ல.

— கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ...எப்படி இருக்கு?

— மழை வந்தா மணிக்கட்டு வலிக்குது. மத்தபடி சரியாயிடுச்சு.

— நீ ஷாக் அடிச்சு விழுந்த நேரத்துல நான் வேறொருத்தர் வீட்டு ஹீட்டருக்கு எர்த் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

— தெரியும். ஆஸ்பத்திரிக்கு அப்படியே ஓடி வந்தீங்க. தோள்ல பை, சட்டைப் பாக்கெட்ல டெஸ்டர். உங்க மூஞ்சியை நான் பாக்கல. அந்த டெஸ்டரைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். இனிமே இந்த மனுஷன் கூட இருக்க முடியாதுன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

— நியாயம்தான்.

— நியாயம்னு சொல்லி முடிச்சிடாதீங்க. நான் ஒண்ணும் தீர்ப்பு கேக்கல.

— வேற என்ன சொல்ல? ...இப்போ ஹீட்டர் எப்படி இருக்கு? சுர்ருங்குதா?

— இல்ல. போட்டு வச்சிட்டு, அணைச்சதுக்கு அப்புறம்தான் குளிக்கிறேன்.

— தனிப் பிளக்ல இருக்கு இல்ல? மல்டி பிளக்ல சொருகிடாத. அது போனுக்கும் ரேடியோவுக்கும்தான் தாங்கும்.

— தனிப் பிளக்தான்.

— ஷாக் வந்தா கரண்டை நிறுத்துற டிரிப்பர், அதை அமுக்கிப் பாக்குறியா?

— மாசம் பொறந்தா முதல் வேலை அதுதான். டப்புன்னு வீடு மொத்தமும் கரண்ட் போகுது. திரும்பத் தூக்கி விடுவேன்.

— நல்லது. அந்த மஞ்சள் பட்டன் அமுக்கியும் கரண்ட் போகலைன்னா அன்னைக்கு ஹீட்டர் பக்கமே போகக் கூடாது. உடனே ஓனர்கிட்ட சொல்லணும். வாயால சொல்லாத, எழுதி அனுப்பு.

— மஞ்சள் பட்டன்னு நான் சொல்லலையே.

— ...நிறைய பேர் அந்தக் கம்பெனிதான் போடுறாங்க.

— பொதுவா.

— ஆமா, பொதுவா. கேஸ் டியூப்?

— அதுல வருஷம் அச்சடிச்சிருக்கு, இன்னும் காலம் இருக்கு. சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன், குமிழி வரல. படுக்கிறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை மூடிடுறேன். அடுத்ததா என்ன கேப்பீங்கன்னும் தெரியும். படுக்கையறைச் சுவர்ல ஈரம் வந்த இடத்தை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டேன். தேதியோட.

— எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே.

— பன்னெண்டு வருஷம் குழாய், கரண்ட் வேலைக்காரர் கூட குடும்பம் நடத்தினவ.

— அப்புறம் எதுக்கு எனக்கு போன் பண்ற? போன மாசம் ஜன்னல் தாழ்ப்பாள். அதுக்கு முன்னாடி அடுப்படி ஸ்விட்ச். இன்னைக்குக் குழாய். சொல்லுறதைக் கேட்டுக்குவ, வச்சிடுவ. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது.

— நீங்க மட்டும் கேட்டீங்களா?

— நான் கேட்டா நீ அடுத்த தடவை கூப்பிட மாட்டியோன்னு பயம். சரி விடு. குழாயைப் பாப்போம். கீழ சாக்கடை ஓட்டையில ஒரு துணியைப் போடு. திருகு விழுந்தா போச்சு.

— ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— இந்தக் குளியலறையில கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்கு.

— ம்.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து நாலு வாடகை வீடு. எந்த வீட்டுக் கண்ணாடியிலயும் எனக்கு நெத்தி மட்டும்தான் தெரியும். பொட்டு வைக்க முக்காலி போட்டு ஏறுவேன். முக்காலின்னே எனக்குப் பேர் வச்சீங்க.

— ஆமாடி முக்காலி... தப்பா வந்துடுச்சு. வாய்ப் பழக்கம்.

— தப்பில்ல. சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன். இந்தக் கண்ணாடியில என் முகம் முழுசாத் தெரியுது. கழுத்து வரைக்கும். இந்த வீட்டு ஓனர் ஆறடி. வந்த முதல் நாள், கட்டுப் போட்ட கையோட அது முன்னாடி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்.

— அவர் சொல்லிட்டாரா?

— அவர் ஒண்ணும் சொல்லல. கண்ணாடி சொல்லுச்சு. வால்வு, ஸ்விட்ச், துணி காயப்போடுற கம்பி, எல்லாம் கை தூக்கினா எட்டுது. இந்த ஊர்ல என் உயரத்தை அளந்து வச்சிருக்கிறவர் ஒருத்தர்தான்.

— அவர் எனக்குப் பழைய வாடிக்கை. கையில கட்டோட ஒரு பொண்ணு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போச்சு, வீட்டைக் கொஞ்சம் பாத்து வைங்கன்னார். பேர் சொன்னார். நாலு நாள் வேற எந்த வேலைக்கும் போகல. எர்த் புதுசா இறக்கினேன். பூட்டை மாத்தினேன், சாவி மாட்ட ரெண்டு கொக்கி அடிச்சேன். சாவி மொத்தத்தையும் அவர்கிட்டயே குடுத்துட்டேன், ஒண்ணு கூட வச்சுக்கல. நான்னு உனக்குத் தெரிஞ்சா வேற வீடு பாத்துடுவியோன்னு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்.

— அப்படியே நம்ம வீட்டுலயும் நாலு நாள் உக்காந்திருக்கலாம் நீங்க.

— உக்காந்திருக்கணும். அதை நினைக்காத நாள் இல்ல... அழுறியா?

— இல்ல. சொல்லுங்க.

— எல்லாம் சரி. ஒண்ணுதான் எனக்கு மண்டையைக் குடையுது. அந்தக் குழாய் வாஷர் நானே தேடி வாங்கிப் போட்டது. எட்டு மாசத்துல போக வாய்ப்பே இல்ல. உன் வீட்டுக்குன்னு போட்டதே போயிடுச்சுன்னா நான் என்ன தொழில்காரன்? பையை எடுத்துட்டு வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடவா? பத்து நிமிஷம். வேற எதுவும் பேச மாட்டேன்.

— பை வேணாம்.

— பை இல்லாம எப்படிக் கழட்டுறது?

— கழட்ட ஒண்ணுமில்லைங்க. குழாய் சொட்டல. மக்குல தண்ணி மொண்டு விரலால சொட்ட விட்டேன். தாழ்ப்பாளும் கெடல, ஸ்விட்சும் கெடல, இந்த வீட்டுல எட்டு மாசமா எதுவுமே கெடல. சும்மா வாங்க... ரெண்டாவது கொக்கி காலியாத்தான் இருக்கு.