மூன்றாவது ஓலை

இனயம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் இப்படித் தொடங்கியதும் நான் பேப்பரை மடக்கிவிட்டேன்.

"முத்தம் குடுத்தா எய்ட்ஸ் வராதாம் மக்கா."

"யாருடே சொன்னா?"

"எனக்குக் கல்யாணம் பேசின பிள்ளைதான்."

அவன் பக்கத்தில் இருந்த கூட்டாளி திரும்பினான். "அவகிட்ட எதுக்குலே இதக் கேட்ட?"

"வட்டக்கோட்டைல வச்சு ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். அவ நர்சுல்லா, எய்ட்ஸ்காரங்களுக்கும் ஊசி போடுவாளாம். பேடி வந்துட்டு, பயத்துல நாலு நாள் உறக்கமே இல்ல."

"அவதான் வராதுன்னு சொல்லியாச்சே."

"பொறுமையாத்தான் சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல்ல. எதுக்கும் நீ ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டுன்னு சொல்லிட்டேன்."

கூட்டாளி விரலை மடக்கி எண்ணினான்.

"கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலைய ரெண்டு ஞாயிறு வாசிச்ச பொறவா கேட்ட?"

"ஆமா."

"எடுத்தாளா?"

"எடுத்தா. ஒண்ணும் இல்லன்னு சீட்டு வந்துச்சு. அத எங்க அம்மை கையில குடுத்துட்டு, நேரா பங்குச் சாமியாருகிட்ட போயிருக்கா. நேத்து பூசையில மூணாவது ஓலை வாசிக்கல்ல."