சின்ன எழுத்தில் ஒரு பச்சைக் கதவு

தங்கை: ...அப்புறம் அந்த ஜன்னலோரத்து மேஜை இருக்குல்ல, அதுவும் எனக்குத்தானாம்.

அக்கா: எது? தலைமை ஓவியர் மேஜையா?

தங்கை: ம். நாளையிலேர்ந்து. என்னக்கா, துணியை மடிக்கிறியா, கசக்குறியா?

அக்கா: மடிக்கத்தான் செய்றேன். நாவலுக்கு நாம ஆளுக்கொண்ணா வரைஞ்ச அட்டைப்படத்தைப் பார்த்துட்டுத்தானே அந்த வேலையைத் தர்றதாச் சொன்னாங்க?

தங்கை: பார்த்துட்டுத்தான் தந்தாங்க.

அக்கா: உன் படத்தையா?

தங்கை: பின்ன, பக்கத்து வீட்டுக்காரர் படத்தையா? ஏன், அவ்வளவு ஆச்சரியமா இருக்கா?

அக்கா: அதில்லடி... சந்தோஷம்தான்.

தங்கை: மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது.

அக்கா: வாயைக் கிளறாத. உன்னைக் கையைப் பிடிச்சு அந்தப் பதிப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போனதே நான். இப்ப நீ எனக்கு மேல. எரியாம என்ன பண்ணும்?

தங்கை: அப்பாடா, ஒருவழியா ஒத்துக்கிட்ட.

அக்கா: சரி... என் படத்தைப் பத்தி முதலாளி என்ன சொன்னாரு?

தங்கை: அது பென்டிரைவ்லயே இல்லையே. ஒரே ஒரு படம்தான் இருந்துச்சு. நேத்து உன்கிட்டதானே குடுத்தேன், "என்னோடது ஏறிடுச்சு, உன்னோடதையும் போட்டுடு"ன்னு. போடலையா?

அக்கா: போட்டேனே... ஏறாம போயிருக்கும்.

தங்கை: இருக்கும் இருக்கும். இன்னைக்குப் பார்த்து உனக்குத் தலைவலி வேற வந்து, லீவு போட்டுட்ட.

அக்கா: ஒரே ஒரு படம்னா, அது உன்னோடதுன்னு எப்படி முடிவு பண்ணாங்க?

தங்கை: ஃபைல் பேரை வச்சுத்தான். நம்ம வழக்கம்தான் ஆபீஸுக்கே தெரியுமே. ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல 'கவர்'னுதான் பேரு வைப்போம். முதல் எழுத்து கேபிடலா இருந்தா பெரியவளோடது, எல்லாம் சின்ன எழுத்தா இருந்தா சின்னவளோடது. இது சின்ன எழுத்து.

அக்கா: சின்ன எழுத்தா? இருக்காதே...

தங்கை: ஏன் இருக்காது?

அக்கா: ஒண்ணுமில்ல. அதுல என்ன பிடிச்சுதாம் அவருக்கு?

தங்கை: அந்தப் பச்சைக் கதவு. பாதி திறந்து, உள்ளேருந்து வெளிச்சம் வந்து தரையில விழுதே, அது.

அக்கா: ...கதவா?

தங்கை: ம்.

அக்கா: நீ வரைஞ்சது மாடிப்படியாச்சே.

தங்கை: ஆமா.

அக்கா: கதவு என்னோடதுடி.

தங்கை: தெரியும்.

அக்கா: தெரியுமா?

தங்கை: நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். பென்டிரைவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, ரெண்டும் ஒரே பேருதான். "ஏற்கெனவே இருக்கிறதை எடுத்துட்டு இதை வைக்கட்டுமா"ன்னு கேட்டிருக்குமே. கேட்டுச்சா?

அக்கா: ...கேட்டுச்சு.

தங்கை: நீ என்ன பண்ண?

அக்கா: 'சரி'யை அமுக்கிட்டேன். கை தவறி...

தங்கை: அக்கா.

அக்கா: தவறலை. உன் மாடிப்படியைப் பார்த்தேன், வயிறு எரிஞ்சுது. அது இல்லாம போனா என்னோடது மட்டும் நிக்கும்னு... ஆனா பேரு எப்படி உன்னோடதாச்சு?

தங்கை: உள்ள இருக்கிற படம்தான் மாறுமாம். வெளிய பழைய பேரே நிக்குமாம். கம்ப்யூட்டர் பார்க்குறவர்கிட்ட சும்மா கேட்கிற மாதிரி கேட்டுக்கிட்டேன்.

அக்கா: அப்போ திரையில வந்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கு. இது எங்க அக்காவோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

தங்கை: சொன்னா, "அப்ப உன்னோடது எங்க"ன்னு கேட்பாங்க.

அக்கா: ...என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னா வாயை மூடிக்கிட்ட?

தங்கை: வர்ற வழியெல்லாம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். ஆனா அது இல்லக்கா. உன் கை எனக்கு வரலையேன்னு எத்தனை வருஷமா உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இன்னைக்கு எல்லாரும் அந்தக் கதவைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பி, "என்ன கைம்மா உனக்கு"ன்னாங்க... நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டேன்.