வெடிக்கிறதுக்கு முன்னாடி கத்தணும்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துறது நான்தான். கத்திக்கிட்டே பக்கத்துல நிக்கிற சகாயமேரி அக்காவைத் தள்ளுறேன். நானும் தரையில விழுறேன். பட். பட். படபடபட. குண்டு இல்ல. முந்திரிக்கொட்டை. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்துல கொட்டை வறுக்கிற கொட்டகை. செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். சட்டியில கொட்டை எண்ணெய் கக்கித் தீப்பிடிச்சு வெடிக்குது. தெனமும் வெடிக்கிறதுதான். எனக்கு அது வேலைக்குச் சேந்த மூணாவது நாள், சட்டிப் பக்கம் வந்த மொத நாள். நான் தள்ளுன வேகத்துல அக்காவோட வலது கை எரியுற சட்டிக்குள்ள போயிருச்சு.

எட்டு மாசத்துக்கு முன்னாடி வேற நாட்டுல இருந்தேன். வீட்டு வேலை. நாட்டுப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா, அந்தச் சண்டையில எந்தப் பக்கம் நியாயம்னு என்கிட்டயே வாதாடுவீங்க. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மொதல்ல விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் 'தொம்'. அப்புறம் கண்ணாடி கொட்டுது, ரொம்ப நேரம். நான் மாடிப்படிக்குக் கீழ கெடக்கேன். விசில் சத்தம் எனக்குத்தான் மொதல்ல கேட்டுச்சு. ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தல.

ஊருக்கு வந்தா, தைரியமா இருங்கிறாங்க. தைரியமாம், வெங்காயம்! பாக்க வந்த சனமெல்லாம் காபியைக் குடிச்சுக்கிட்டு, எப்படித் தப்பிச்சன்னு கதை கேட்டுச்சு. புதுக்கோட்டையில மனசைத் தேத்துற ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூச்சை இழுத்து விடச் சொன்னாங்க. எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது. செத்தவங்களுக்குத்தான் வரல. எந்திரிச்சு வந்துட்டேன்.

கை வெந்து ஒரு மாசம் கழிச்சு அக்கா கைக்கட்டோட கொட்டகைக்கு வந்துச்சு. என்னை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன். இந்த வேலையும் போனா நான் வீட்டை விட்டு வெளியவே வரமாட்டேன். அது எனக்கே தெரியும். கால்ல விழப் போனேன்.

"எந்திரிடி. ஒன் மன்னிப்பு எனக்கு என்னத்துக்கு? இனிமே கொட்டை வெடிக்கிறதுக்கு முன்னாடி கத்துறது ஒன் வேலை. வெடிச்சப்புறம் கத்துன, நானே ஒன்னைச் சட்டியில தள்ளுவேன்."

பொகையைப் பாக்கணும். வெள்ளையா வரும். கறுக்கும். கறுத்த ஒடனே கத்தணும்.

"வெடிக்கப் போகுது! தள்ளிப் போங்க!"

பொம்பளைங்க எல்லாம் அங்கிட்டு ஓடுறாங்க. அப்புறம்தான் பட். மொத நாள் கத்திட்டு அழுதேன். ஒரு வாரம் சோறு எறங்கல. இப்பவும் காலு நடுங்குது. ஆனா நின்னுக்கிட்டு நடுங்குது. கீழ விழல.

நேத்து மத்தியானம் சாப்பிடுறப்ப அக்கா கேட்டுச்சு, எத்தனை பேருடி செத்தாங்கன்னு. இதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேக்கல.

சொன்னேன். நான் வேலை பாத்த வீட்டம்மா. அவங்க மருமக. மருமக கையில இருந்த ஏழு மாசக் கொழந்தை. மேல்வீட்டுல வேலை பாத்த கலா, பெரம்பலூர்க்காரி. மொத்தம் நாலு பேரு. அப்புறம் என்னோட எடது காது.

அக்கா எடது கையால சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே, நிமிராம சொன்னுச்சு.

"என் ரெண்டு வெரலு இனிமே மடங்காதாம். அதையும் சேத்துச் சொல்லு."

நாலு பேரு. ஒரு காது. ரெண்டு வெரலு.