டைமரை மட்டும் மாத்துங்க

சிரிக்காதீங்க ரோடெல் அண்ணே. ரெண்டு தடவை மாத்தியாச்சுதான், யாரு இல்லன்னா? மூணாவது தடவையும் மாத்துங்கன்னுதான் உங்க கம்ப்யூட்டர் கடையை விட்டுட்டு வீட்டுக்கே வரச் சொன்னேன்.

எங்க டீம் கேப்டன் ஜோமார் இருக்கானே, பெரிய விஞ்ஞானி, வீடியோ பாத்தே கம்ப்யூட்டர் படிச்சவன். விண்டோஸ் டைமர் பதினஞ்சு மில்லிசெகண்டுக்கு ஒருக்காதான் கண்ணு முழிக்குதாம். அதை அரை மில்லிசெகண்டுக்கு இறக்கிட்டா கேம் வழுக்கிக்கிட்டு ஓடுமாம். இறக்கினோம். ஓடுச்சா? நான் செத்து விழுந்தப்புறம்தான் என்னைச் சுட வந்தவனே திரையில தெரியுறான்.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேட்ச். இலோய்லோ ஊரே திரண்டு வரும்னு அவனுக்கு நெனப்பு. அன்னிக்கும் படம் திக்குச்சுன்னா என்னைத் தூக்கிட்டு அவன் மச்சானைப் போட்டுடுவான். மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத மகராசன் அவன். எனக்கு இந்த டீம் வேணும்ண்ணே. மிச்ச நேரமெல்லாம் நான் பாக்குற உத்தியோகம்தான் உங்களுக்கே தெரியுமே. கஞ்சி காய்ச்சுறது, துணி துவைக்கிறது, பிள்ளைக்கு மூக்கு சிந்தி விடுறது.

எது? ஆமா, கேமுக்குப் பின்னாடி ஒண்ணு ஓடுது. வீடியோ கால். அதுதான் நெட்டையெல்லாம் தின்னுதுன்னு எனக்கே தெரியும், ஜோமார்கிட்ட மூச்சு விட்றாதீங்க. ஐயோ, கையை எடுங்க, மூடாதீங்க!

குவைத்துலேர்ந்து மாரிவிக்தான், என் பொஞ்சாதி. அங்க எவ வீட்டுலயோ பாத்திரம் கழுவிக்கிட்டே, போனைச் சாத்தி வச்சுப் பாத்துக்கிட்டிருப்பா. என்னையா? என் மூஞ்சியை யாரு பாப்பா. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாருங்க. பாய்ல தூங்குறா பாருங்க லிரா, அவளை. தினம் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் தூங்குவா. மாரிவிக் விட்டுட்டுப் போறப்ப அவளுக்குப் பல்லுகூட முளைக்கல.

என் போன்லயா? அதைத்தான் இந்த மகராணி கொதிக்கிற கஞ்சிக்குள்ள போட்டுட்டாளே.

ஒரு மேட்சுக்கு மூடினா என்னவா? மூடினேனே, போன வாரம். ஜெயிச்சோம். எல்லாம் டைமர், டைமர்னு ஜோமார் குதிச்சான். முடிச்சுட்டு மாரிவிக்கைக் கூப்பிட்டேன். ஒரு ரிங்குகூட முழுசாப் போகல, எடுத்துட்டா. கையில சோப்பு அப்படியே காஞ்சு போயிருந்துச்சு. ஏன் கட் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கல. பாப்பா முழிச்சிட்டாளான்னு மட்டும்தான் கேட்டா.