பொறுப்பேற்பவர் கையெழுத்து

வக்கீலம்மா, ஆடி மாதம் முழுக்க இந்தத் திருவனந்தபுரத்து மழையில் எங்கள் லைன் வீடுகளில் துணி காயாது. போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தபோது வீடு நிறைய ஈரச் சேலை தொங்கியது. உங்களை உள்ளே உட்கார வைக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனீர்கள். எனக்கு இன்னும் அது சங்கடமாக இருக்கிறது.

என் தம்பி தங்கபாண்டியின் சிறுவயதுக் கதையை எழுதித் தரச் சொன்னீர்கள். பிறவியிலேயே அவனுக்குப் புத்தி வளரவில்லை என்று கூடப்பிறந்தவள் எழுதிக் கொடுத்தால், ஆயுள் தண்டனையை உடைக்க ஹைகோர்ட்டில் வழி இருக்கிறது என்றீர்கள். கூடவே இன்னொரு தாளும் தந்தீர்கள். விடுதலையானால் அவனை என் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். நான் பத்தாவது வரை படித்தவள். நிதானமாகவே எழுதுகிறேன்.

பாவூர்சத்திரத்தில் அவன் பிறந்தபோது எனக்கு நாலு வயது. அவன் ஐந்து வயதில்தான் நடந்தான். எட்டு வயதில் ‘அக்கா’ என்றான். என் பதினாறாவது வயதில் அம்மா செத்தாள். சாகும்போது, “தம்பிய விட்றாத” என்று மட்டும் சொன்னாள். என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவனைப் பார்த்துவிட்டு, பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். பால்பாண்டி என்கிற ஒருவர்தான், “அவனும் நம்மகூட வரட்டுமே” என்றார். அவரைக் கட்டிக்கொண்டு மூன்று பேருமாகத் திருவனந்தபுரம் வந்தோம். அவருக்குச் சாலை பஜாரில் சுமை தூக்கும் வேலை. எனக்கு மைதீன் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டும் வேலை.

தம்பியையும் அங்கேயே பாத்திரம் கழுவச் சேர்த்துவிட்டேன். முதலாளி நல்ல மனிதர்தான். “ஆளு கொள்ளாம், நல்ல வேலைக்காரன்தான் பூமாரி. பட்சே சாப்பிட வாறவங்க எதுனா கேட்டா முழிச்சிக்கிட்டு நிக்கப்படாது, கேட்டியா” என்றார். அதனால் நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பேர் கேட்டால் பேர், ஊர் கேட்டால் ஊர். வேறு யார் என்ன சொன்னாலும், “மனசிலாயி சாரே.” புரிந்ததோ இல்லையோ, இந்த ஊரில் புரிந்தது என்று சொல்கிறவனைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஏதாவது உடைந்து யார் என்று கேட்டால், “நான்தான் சாரே.” தயங்கி நின்றால் அடி கூடும், உடனே ஒப்புக்கொண்டால் குறையும். இதைப் படிய வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஒரு டீச்சருக்கும் அந்தப் பொறுமை வராது. அதன்பிறகு கடையில் யாரும் அவனை ஒரு குறை சொன்னதில்லை.

பாத்திரம் கழுவுவதிலும் அவன் கெட்டிக்காரன். முதலில் சாம்பல், பிறகு சோப்பு, கடைசியில் வெந்நீர். வரிசை மாறாது.

தொண்ணூற்றாறாம் வருடம், மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று மணி இருக்கும். என் வீட்டுக்காரர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மிக்குழவியால் தலையில் இரண்டு முறை அடி விழுந்தது. முதல் அடியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் கேஸ் கட்டைப் படித்திருப்பீர்கள். லைன் வீட்டுப் பைப்படியில் ஆறு பெண்கள் தண்ணீருக்கு நின்றார்கள். அவர்கள் கண் முன்னால் தங்கபாண்டி அந்தக் குழவியைக் கொண்டுவந்து, சாம்பல் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவினான். பக்கத்து வீட்டுச் சரோஜம், “எடா, யாருடே இது செய்தது?” என்று கேட்டாள். “நான்தான்” என்றான்.

கழுவச் சொன்னது நான். அவன் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தபோது குழவி என் கையில்தான் இருந்தது. “அழுக்காயிருக்கு, கழுவிட்டு வா” என்றேன். அவன் மாமனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாங்கிக்கொண்டு போனான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பு நான் தங்கபாண்டியை ரயிலில் கொல்லத்துக்குக் கூட்டிப்போனேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார வைத்து, “அக்கா டீ வாங்கிட்டு வாரேன், இரு” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். வீட்டில் அவனைக் காணவில்லை என்று அழுதேன். மூன்று நாள். வக்கீலம்மா, எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்த மூன்று நாள்தான் நான் நன்றாகத் தூங்கினேன். தெருவில் நடக்கும்போது இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். எனக்கு முப்பது வயது, அது எவ்வளவு சின்ன வயது என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலாம் நாள் என் வீட்டுக்காரர் அவனைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். “மாப்ள அதே பெஞ்சிலதான் இருந்தான் கேட்டியா. அக்கா இருக்கச் சொன்னான்னு ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல” என்றார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு போட்டார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “போனது போகட்டும். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இவன் இந்த வீட்டுலதான் இருப்பான்” என்றார்.

நான் அதை யோசித்துப் பார்த்தேன். நாலு நாள் யோசித்தேன்.

புத்தி சரியில்லாதவனைக் கோர்ட் தண்டிக்காது, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பும் என்று கடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அங்கே கட்டில் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. அவனுக்கு நான் கெடுதல் செய்வதாக நினைக்கவில்லை. ஆனால் என் பாடம் அளவுக்கு மேல் படிந்துவிட்டது. நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, ஒப்புக்கொண்டால் உனக்கு எதிராகவே அது நிற்கும், மனசிலாயோ என்று மாஜிஸ்திரேட் மூன்று தரம் கேட்டாராம். மூன்று தரமும் “மனசிலாயி சாரே” என்றானாம். அவனைச் சோதித்த டாக்டர் பேர் கேட்டார், ஊர் கேட்டார், என்ன வேலை என்று கேட்டார். பாத்திரம் கழுவும் முறையை அவன் வரிசையாகச் சொன்னான். விசாரணைக்குத் தகுதியானவன் என்று டாக்டர் எழுதினார். கொன்ற கல்லைக் கழுவத் தெரிந்தவனுக்குச் செய்தது தப்பு என்றும் தெரிந்திருக்கும் என்று ஜட்ஜ் எழுதினார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

தீர்ப்புக்கு முன்னால், அவனுக்காகச் சர்க்கார் வைத்த வக்கீல் என்னிடம் வந்தார். “இவன் பிறவியிலேயே இப்படித்தான்னு நீங்க சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னா போதும். கேஸ் நிக்காது. கோர்ட்டு இவனை உங்க கையிலேயே ஒப்படைச்சிரும், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்” என்றார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். மறுநாள் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அவனுக்கு எல்லாம் தெரியும், நல்லபடியாகத்தான் இருந்தான் என்று சொன்னேன். என்னைப் பார்த்ததும் அவன் எதிர்க் கூண்டுக்குள்ளிருந்து சிரித்தான்.

இந்த ஏழு வருடத்தில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் கேட்டது ஒன்றுதான். “அக்கா, நான் சரியாச் சொன்னேனா?” சரியாகச் சொன்னாய் என்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அவன் வெளியே வர வேண்டியவன்தான், அதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. உங்கள் தாளை எட்டு நாளாகப் பெட்டிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பேரை நீங்களே அழகாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இப்போது முப்பத்தேழு. அவனுக்கு முப்பத்து மூன்று, உடம்பில் ஒரு நோயும் இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஆகவே இதில் போடுகிறேன். என் புருஷன் பால்பாண்டியைக் கொன்றது பூமாரி என்கிற நான். தங்கபாண்டி கொல்லவில்லை. மனசாட்சி உறுத்தியதால் யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன். இதை வைத்து அவனை விட்டுவிடுவார்கள். பொறுப்பேற்க ஆள் இல்லாததால் ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்ப்பார்கள். நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

ஒரே ஒரு உதவி. அவனை வெளியே விடுவதற்கு முந்தின நாளே என்னை உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள். ஜெயில் வாசலில் என்னைக் கண்டால் அவன் கையைப் பிடித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
பா. பூமாரி