பாவாவின் கேலி

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் அடுப்புக்கரியில் ஓடிய பஸ் அது. பள்ளிப்பட்டு போகிற வழியில் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம்; பெண்கள் ஓரமாக நடந்து வந்தார்கள். என் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர், பொட்டில்லாத ஓர் இளம்பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"நீ ஏறினதுலதான் சரோஜா, பஸ்ஸுக்கு மூச்சு வாங்குது."

அவர் மனைவி பதறிப்போனாள். "அவகிட்ட போயி கேலி பேசறீங்களே! என் தங்கச்சி புருசன் போயி வருசங்கூட ஆவல."

"உடு அக்கா," என்றாள் அந்தப் பெண். "அன்னிலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட சாவு வூட்டுல பேசறாப்பலயே பேசிகினு கீறாங்க. நானும் செத்துட்டேன்னே நெனச்சிகினு இருந்தேன்."

பிறகு அக்காவின் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்னா பாவா, தள்றீங்களா, இல்ல பஸ் மேல சாஞ்சிகினு தூங்கறீங்களா?"