பார்க்கிறவர்களுக்கு அது கிடார்

— கிழிக்கலக்கா! சத்தியமா கிழிக்கல. ஊறவெச்சுத்தான் எடுத்தேன்.

— மெதுவா பேசுடி. எதை ஊறவெச்ச?

— பேப்பரை. படத்து மேல ஒட்டிக்கிட்டிருந்துச்சே, அந்தத் துண்டு...

— எந்தப் படம்? அழுதுக்கிட்டே சொன்னா எனக்கு என்ன புரியும்? மூக்கைத் துடை. என் போர்வையில இல்ல!

— மாமா கடைக்கு சட்டம் போட வந்திருக்கே, அந்தக் கிடார் படம். நூறு வருஷத்துப் படம்னு மாமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே... டாக்டரம்மா வாங்கப்போறாங்கன்னு... அக்கா, கேக்கறியா?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பா தூங்கிட்டாரா?

— ம்... தூங்கறாரு.

— சரி, சொல்லு.

— பழைய படம்னா பேப்பர்ல சுத்தித்தானே வரும். அது பெயிண்ட்ல ஒட்டிக்கும். ஈரப் பஞ்சை வெச்சு, நல்லா ஊறினதும் ஓரத்துலேருந்து உரிக்கணும். மாமாதான் பழக்கினாரு. ஸ்கூல் விட்டு வந்தா எனக்கு அங்க அதுதானே வேலை. நான் பாட்டுக்கு உரிச்சிட்டேன்.

— அடிப்பாவி! அது படத்துலயே சேர்ந்ததுடி!

— இப்ப தெரியுது!

— எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பிக்காசோ, பிராக்குன்னு ரெண்டு பேரு, பேப்பரை வெட்டிப் படத்துலயே ஒட்டினாங்கன்னு. கியூபிசம்னு...

— நீ 'கியூ'ன்னு ஆரம்பிக்கும்போதே நான் தூங்கிடுவேன். ஒரு பொருளை முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல எல்லாம் ஒரே சமயத்துல பாத்தா எப்படி இருக்குமோ அப்படி வரைவாங்க. கீழ விழுந்து உடைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— அதாவது தெரியுதே.

— இன்னொண்ணும் சொன்ன. அவங்க ரெண்டு பேரும் கொஞ்ச காலம் ஒரே மாதிரி வரைஞ்சாங்க, எதை யாரு வரைஞ்சதுன்னு கண்டுபிடிக்கறதே கஷ்டம்னு.

— அதை எதுக்கு இப்ப சொல்ற?

— சும்மாதான்.

— சும்மாவா?

— உஷ்! மிஷின் நின்னுடுச்சு. அம்மா எழுந்திரிக்கறாங்களா?

— நூல் மாத்துவாங்க. இரு... ம், ஓட ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கு ராத்திரி முழுக்க தைக்க வேண்டியது கிடக்கு அவங்களுக்கு. அந்தச் சத்தம் கேக்கறவரைக்கும் பேசு.

— பஞ்சு வெச்சதும் பழுப்பா தண்ணி இறங்குச்சுக்கா. மோந்து பாத்தேன். டீ.

— என்னது?

— டீ வாசனை. நூறு வருஷம் ஆனா பேப்பர் பழுப்பாகும், சரி. டீ வாசனையுமா வரும்?

— யாராவது... டீயைக் கொட்டியிருப்பாங்க.

— முழுத் துண்டுலயும் ஒரே சீரா கொட்டினாங்களா?

— எனக்கு எப்படித் தெரியும்? என்னை ஏன் முறைக்கற?

— இருட்டுல முறைக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— ஏய்...

— சரி சரி. முன்பக்கம் வெறும் நம்பருங்க. பங்கு விலையோ என்னவோ, பொடிப்பொடியா. எந்த ஊரு, எந்த வருஷம், ஒண்ணும் தெரியாது. யாரோ பாத்துப் பாத்து வெட்டியிருக்காங்க. ஆனா பின்பக்கம் திருப்பினா...

— பின்பக்கம் பாத்தியா?

— ஏன், பாக்கக் கூடாதா?

— இல்லடி... ஊறின பேப்பர்ல என்ன தெரிஞ்சிடப்போகுதுன்னு...

— குறுக்கெழுத்துப் போட்டி. பச்சை பால்பாயிண்ட்ல எழுதியிருக்கு. மூணு கட்டம். அதுல 'கைப்பேசி'ன்னு எழுதியிருக்கு. நடுக்கட்டத்துல ரெண்டு எழுத்தைத் திணிச்சு.

— ...அப்பா.

— வேற யாரு? இடம் பத்தலைன்னா பேப்பர்காரன் கட்டத்தைக் கம்மியா போட்டுட்டான்னு சண்டைக்குப் போற ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தர்தானே.

— சிரிப்பு மூட்டாதடி. வேற யாரு பாத்தா?

— டாக்டரம்மா. என் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே கைப்பேசி இருந்துச்சான்னு முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல. துண்டைப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. 'இதை வரைஞ்சது யாருன்னு காலையில எனக்குத் தெரியணும், இல்லைன்னா போலீஸ்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— மாமா என்ன சொன்னாரு?

— யாரோ கொண்டாந்து குடுத்தாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கையை விரிச்சிட்டாரு. விரிக்கும்போது என்னையே பாத்தாரு. அந்தப் பார்வையே சரியில்ல.

— நீ என்ன நினைக்கற?

— அப்பாதான் வரைஞ்சாரோன்னு.

— போடி லூசு. எனக்கு ஒரு தடவை யானை வரைஞ்சு குடுத்தாரு. டீச்சர் அதைக் கெட்டில்னு சொல்லி மார்க் போட்டாங்க.

— அப்ப அப்பா இல்லைங்கற.

— இல்லவே இல்ல. பழைய பேப்பரை எடைக்குப் போடறோம்ல, அதுல எவனோ எடுத்து வெட்டியிருப்பான். அது கிடக்கட்டும், நீ உரிச்சப்போ பெயிண்ட் பேந்துச்சா? மிஷின் சக்கரத்துக்கிட்ட மெல்லிசா இருக்குமே, அங்க...

— எந்த மிஷின்? நான் கிடார்னுதானே சொன்னேன்? எல்லாரும் கிடார்னுதான் சொல்றாங்க. மாமா படத்துக்குப் பின்னாடி ஒட்டின சீட்டுலயும் கிடார். டாக்டரம்மாவுக்கும் கிடார். உனக்கு மட்டும் எப்படிக்கா மிஷின்?

— வாய் தவறி வந்துடுச்சு. பக்கத்துல அம்மா மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கா, அதான்...

— கிடார் ஓட்டைன்னு நாங்க நினைச்சது சக்கரம். கம்பின்னு நினைச்சது நூல். கழுத்துன்னு நினைச்சது ஊசிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கற அந்தத் தண்டு. அப்படித்தானே? அக்கா, இந்தப் பக்கம் திரும்பு.

— காலேஜ்ல குடுத்த பயிற்சிடி அது. அந்தக் காலத்து முறையில ஒண்ணு பண்ணிட்டு வாங்கன்னாங்க. எனக்கே நம்ப முடியல, அவ்வளவு நல்லா வந்துச்சு. கடைச் சுவர்ல மாட்டறேன்னு மாமா கேட்டாரு. குடுத்தேன். நூறு வருஷம்னு சீட்டு ஒட்டுவாருன்னு எனக்கென்ன தெரியும்?

— எப்ப தெரிஞ்சுது?

— போன வாரம். போய்க் கேட்டேன். 'டீயில ஊறவெச்சது யாரு, நீயா நானா? வெளியே தெரிஞ்சா உன் காலேஜ்தான் போகும், பேசாம இரு'ன்னாரு. பேசாம இருந்துட்டேன்.

— ஊறவெச்சது நீதானா?

— பழசா தெரியணும்லடி! பயிற்சியே அதுதானே.

— பின்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பாத்திருக்கலாம்ல? எல்லாப் பக்கத்தையும் ஒரே சமயத்துல பாக்கணும்னு எனக்குப் பாடம் எடுக்கற...

— குத்திக்காட்டு, நல்லா குத்திக்காட்டு. காலையில நானே போய்ச் சொல்லிடறேன். காலேஜ் போனா போகுது. அந்தத் துண்டைக் குடு.

— என்கிட்ட இல்ல.

— இல்லையா? பின்ன யாருகிட்ட இருக்கு? வாயைத் தொறடி.

— நீ வர்றதுக்கு முன்னாடியே அப்பாகிட்ட காட்டிட்டேன். நீங்களா வரைஞ்சீங்கன்னு கேட்டேன்.

— ஐயோ... என்ன சொன்னாரு?

— விளக்குக்கிட்ட பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. 'நான் முடிக்கறதுக்குள்ள உங்கக்கா வெட்டிடுவா, அவளுக்கு எப்பவும் அவசரம்'னு சிரிச்சாரு. அப்புறம் சட்டையை மாட்டினாரு.

— எதுக்கு சட்டை? தூங்கறாருன்னு சொன்னியே!

— பொய். டாக்டரம்மா வீட்டுக்குப் போயிருக்காரு. நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிக்கறேன், அவ படிப்பை முடிக்கட்டும்னாரு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. நீயா சொல்லிட்டா சத்தியம் உடையாதுன்னு பாத்தேன்...

— அவரு அந்தப் படத்தைக் கண்ணால கூட பாத்ததில்லையேடி! இதுல என்ன வரைஞ்சிருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாரு?

— கிடார்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அவங்க நம்பிட்டாங்கன்னா அப்பா மாட்டுவாரு, நம்பலைன்னா நீ மாட்டுவ... அக்கா, மிஷின் நின்னுடுச்சு, அம்மா வர்றாங்க... நான் இப்ப எது நடக்கணும்னு வேண்டிக்கறது?